நாலாவது அட்டை

போர்நிறுத்தம் வந்த மறுவருடம் நாங்கள் நான்கு நண்பர்கள் மலைக்கோட்டை பார்க்கப் போனோம். எனக்கு மலையேற்றம் அதுவே முதல்தடவை. அடிவாரத்து இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டுதான் மேலே விட்டார்கள். காடு தொடங்கும் இடத்தில் மற்ற மூவரும் காட்டில் காவலுக்கென்று பிள்ளையாருக்கு இலைக்குழை முறித்துப் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, நான் போடவில்லை.

உச்சிக்குப் போனதும் கால் சோர்ந்து, இடிந்த கோட்டைச் சுவரின் நிழலில் தூங்கிவிட்டேன். சிவபாதம்தான் தட்டி எழுப்பினான்.

மூன்று மணிக்கு இறங்கினோம். ஆமிக்காரர் மூன்று அட்டைகளைத்தான் தந்தார்.

"என்ட அட்டை?"

"நீங்க பன்னிரண்டு மணிக்கே எடுத்ததுதானே. கையெழுத்தும் இருக்கு."

பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்துத்தான், கடைசியில் நான் இழுக்கும் கோணல் கோடு உட்பட.

நண்பர்கள் மெல்ல விலகி நின்றார்கள். சிவபாதம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"உன்ட அம்மாட பேரென்ன?"

பத்து வருடமாக எங்கள் கல்லடி வீட்டில் சோறு தின்றவன்.

"கண்ணகை" என்றேன்.

ஆமிக்காரர் பதிவேட்டை மூடினார்.

"நானும் கேட்டது. அட்டை எடுத்தவரும் இதுதான் சொன்னது."