பச்சைமலை மடு

"இங்க ஆழம் எவ்வளவு இருக்கும்?"

அருவி விழுகிற மடுவைப் பார்த்தபடியே அந்த அம்மாள் கேட்டாள். மருதை சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"ரெண்டாள் ஆழங்க. யாரும் இறங்கக் கூடாது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்." அவள் போய்ப் பாறை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிறுதோறும் திருச்சி மெயின்கார்டு கேட்டில் எட்டுப் பேரை வேனில் ஏற்றி, துறையூர் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்தில் இறக்கி, அருவிக்கு நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது மருதையின் பிழைப்பு. ஒரே ஒரு தடவைதான் தப்பு நடந்தது. ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு பெண் இதே மாதிரி ஆழம் கேட்டாள். அவன் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் மடுவில் குதித்துப் போய்விட்டாள். வருஷம் இரண்டாகியும் அவள் முகம் அவனை விடவில்லை.

இந்த வள்ளிக்கண்ணு அம்மாளைக் காலையில் பார்த்தபோதே அவனுக்குச் சரியாகப் படவில்லை. நெற்றியில் பொட்டில்லை. வேனில் பின்னால் பெண்களோடு உட்கார்ந்தவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அருவி பார்க்க வந்தவள் முகமாகவே அது இல்லை.

மற்றவர்களைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. முன் வரிசையில் வந்த சின்னையன் என்ற வாலிபன் வழி நெடுகப் பாட்டும் கேலியுமாக எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தான். உறையூரில் ஜவுளிக்கடை வேலையாம். புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தபோதுகூட அவன்தான் ஓடி ஓடிப் பரிமாறினான்.

"முதல்ல அந்த அக்காவுக்குக் குடுங்கண்ணே. நேத்துலேருந்து அவங்க பச்சத் தண்ணிகூடக் குடிக்கல" என்று மருதையிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

மருதை கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்தாளே தவிர, தொடவில்லை.

"வீட்ல ஏதாச்சும் கஷ்டமாம்மா?"

"ஒண்ணுமில்லீங்க."

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க. என்னையும் கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சுக்குங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தலையை ஆட்டிவிட்டு மடுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பின் மருதை அவளைவிட்டுப் பத்தடி நகரவில்லை.

மூன்று மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "கிளம்பலாம், கிளம்பலாம்" என்று குரல் கொடுத்தபடி அவன் பாத்திரங்களை எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவள் இடத்தில் இல்லை. பாசி படிந்த பாறைமேல், மடுவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மேப்பாறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போய் அவள் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தான்.

"விடுங்க! ஐயோ, விடுங்க!"

"மாட்டேம்மா! என் உசுரே போனாலும் விடமாட்டேன்!"

அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் கசிந்தது. அப்படியும் பிடி தளரவில்லை. அருவி இரைச்சலில் அவள் என்ன கத்தினாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அதற்குள் பின்னாலிருந்து யாரோ அலறினார்கள்.

"சின்னையன் குதிச்சிட்டான்! மேப்பாறையிலேருந்து தானாவே குதிச்சிட்டான்!"

அவளை மற்ற பெண்களிடம் தள்ளிவிட்டு மருதை மடுவில் விழுந்தான். மூன்று தடவை மூழ்கியும் கையில் தண்ணீர்தான் அகப்பட்டது. நாலாவது தடவை சட்டையைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டான். வயிற்றை அமுக்கிப் பார்த்தான், கால்களைத் தேய்த்துப் பார்த்தான். மூச்சு திரும்பவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மருதை அவள் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் புள்ளைய விட்டுட்டேம்மா. உங்களையாச்சும் காப்பாத்தினேனே."

அவள் அழவில்லை. அவன் மணிக்கட்டு ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான்" என்றாள். "போன வாரம் ரயில் தண்டவாளத்துல படுத்துக் கெடந்தவனை நான்தான் இழுத்துட்டு வந்தேன். இன்னிக்கும் என் தம்பியைப் பிடிக்கத்தாங்க ஓடினேன்..."

மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். "நீங்க என்னைப் பிடிச்சுட்டீங்க."