மிதிக்காத புல்

"காலை எடுங்கடா! புல்லு இப்பதான் வேர் பிடிக்குது!"

அப்பா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் இருவரும் பந்தோடு படிக்கட்டுக்குத் தாவினார்கள். புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான்.

"வாடகை வீட்டுல அந்த ஹவுஸ் ஓனர் புல்லுல கால் வைக்க விடலன்னுதானே, ஒத்தைக் கால்ல நின்னு இந்த வீட்டைக் கட்டினீங்க?" என்றாள் மனைவி.

"அது அவர் புல்லு. இது நம்ம புல்லு!"

மறுநாளிலிருந்து பிள்ளைகள், "ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறோம்" என்று பள்ளி விட்டதும் பறந்துவிடுவார்கள். புல்லில் ஒரு காலடித் தடம் இல்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் வீடு பார்க்க வரும் உறவுக்காரர்களை அப்படி அதட்ட முடியுமா? பழைய ஹவுஸ் ஓனர் தோட்டத்தில் இருந்த 'புல்லை மிதிக்காதீர்' போர்டு நினைவுக்கு வந்தது. எங்கே செய்ததென்று கேட்க, ரோஷத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு அவர் வீட்டுக்கே போனார்.

"எதுக்குப் புதுசு? இதையே எடுத்துட்டுப் போங்க. எனக்கு இனிமே தேவையில்ல" என்று, சுவரோரம் சாய்த்திருந்த போர்டைக் கையில் கொடுத்தார் ஓனர்.

"ஏன் சார், புல்லு பட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க காலி பண்ணினப்புறம் வீடுதான் வெறிச்சோடிப் போச்சு. இப்பதான் கலகலன்னு இருக்கு. வந்து பாருங்க."

தோட்டத்தில் பந்து உருண்டுகொண்டிருந்தது. போர்டும் கையுமாகப் புல்தரை ஓரத்தில் தயங்கி நின்றவரைப் பார்த்து, அவருடைய இளைய மகன் கத்தினான்:

"பயப்படாம வாங்கப்பா! இங்க யாரும் திட்ட மாட்டாங்க!"