கிழியாத ஸ்டிக்கர்

கேன்டீனின் தகரக் கூரை வெயிலில் நெட்டி முறிக்கிறது. முனிராஜின் தட்டில் சாம்பார் ஆடை கட்டிவிட்டது. காலையில் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அவன் போன் கேமராமீது ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது, கிழித்தால் மெமோ. அதனால்தான் பாகலூரில் கிரிப்டோ காயினை வாங்கிக்கொண்டு பணம் தருபவர் கொடுத்த சீட்டின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாமல், அதிலிருந்த நாற்பத்திரண்டு எழுத்து முகவரியைக் கையாலேயே அடித்தான். ஓரெழுத்து தப்பு. மகளின் ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த காயின் மொத்தமும் போய்விட்டது. “நேத்து வரைக்கும் அனுப்புனது போய்ச் சேராம பத்து நிமிசம் நிக்குமே சக்தி, அதுக்குள்ள நிறுத்திக்கலாமே?” பக்கத்தில் சாப்பிடும் சக்தி சோறு பிசைவதை நிறுத்துகிறான். “காலைலதான் நெட்வொர்க் அப்கிரேடு முடிஞ்சுதுண்ணா. இனிமே ஒரே செகண்டு. அந்த முகவரில ஆளே இல்ல, யாருகிட்ட போயி கேக்கறது?” திரையில் பச்சை டிக் வாழ்த்துச் சொல்லி மின்னுகிறது. அதன் அடியில் மனைவி பிரவீனாவின் செய்தி: ‘டாக்டர் கேக்கறாங்க. பணம் அனுப்பிட்டீங்களா?’ சங்கு ஊதுகிறது. மெஷின் ஓடும் ஷாப் வாசலில் செக்யூரிட்டி போனை வாங்கித் திருப்பி, ஸ்டிக்கரை நகத்தால் தடவிப் பார்க்கிறார். “கிழியல. கரெக்டா இருக்கு, போ.”