நிதானமான தையல்

ஒரு தையல் வரிசையில் எந்த மெஷினில் வேலை தேங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பாடத்தில் கொடுத்த ப்ராஜெக்ட். அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியிலேயே அனுமதி கிடைத்தது. ஸ்டாப்வாட்சோடு ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் நின்று நேரம் குறித்தேன்.

கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டார். "சாந்தாமணி பொண்ணுதான நீ? எழுதுன கணக்க நாளைக்குக் காலைல எனக்கொரு காப்பி எடுத்துக் குடுத்துரு பாப்பா. எங்க தேங்குதோ அங்க வேற ஆளப் போட்டுக்கறோம்."

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேங்கியது அம்மாவின் மெஷினில்.

அம்மா வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"ஏம்மா, இன்னிக்கு அத்தன மெதுவா தச்ச?"

"நீ பின்னால நின்னு எழுதற. வெரசாத் தச்சா உனக்கு என்ன தெரியும் கண்ணு? அதான் ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்திக் காட்டுனேன். மார்க்கு கொறையக் கூடாதல்ல?"

கணக்கெழுதிய நோட்டை மூடி வைத்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஏன், சரியாத் தெரியலையா? நாளைக்கும் வா. இன்னும் நிதானமாத் தைக்கறேன்."