பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒரு படம்

"படத்துல இருக்க அம்மா கொழுந்தெடுக்கப் போகலியாங்க?" என்று போன மாதம் ஒரு சிறுமி கேட்டபோது தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் தம்பிஐயா சிரித்தார். இன்று சிரிப்பு வரவில்லை. தேயிலை மலைக்குப் போன தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகள் தூங்கும் பிள்ளைக்காம்பராவில், ஈரத்தில் ஓரம் சுருண்டு அந்தப் படம் தொங்குகிறது. கொதிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு தாய் புன்னகைக்கிறாள். படத்தால் பலன் உண்டா என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவர் எழுதியாக வேண்டும். தொட்டில்களில் இரண்டு பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் துவண்டு கிடக்கின்றன.

"இந்தப் படம் என்ன சொல்லுது, சொல்லுங்கோ பாப்பம்."

பிள்ளை பார்க்கும் பேச்சியம்மா தடுமாறவில்லை. "தண்ணிய காய்ச்சித்தான் குடுக்கணும்னு சொல்லுதுங்க."

"பிறகேன் மலையில இருந்து பீலியில வாற தண்ணியை அப்பிடியே குடுக்கிறியள்?"

"படத்தோட வெறகும் அனுப்பியிருந்தா காய்ச்சியிருப்பேனுங்க. தோட்டத்துல குடுக்குறது பால் காய்ச்சவே பத்தல."

அவர் பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார், எரிச்சலோடு மறுபடி திறக்கிறார். தகரக் கூரையில் மழை விடாமல் அடிக்கிறது. விறகு கேட்டு எழுதலாம். துரை அதைப் படித்து முடிக்கும்வரை இந்தப் பிள்ளைகள் தாங்க வேண்டுமே. பேச்சியம்மா அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு பீலிக்குப் போகிறாள். அவர் காய்ச்சலில் தனியாகக் கிடந்த நாட்களில், கேளாமலே கஞ்சி கொண்டுவந்து வைத்தவள் அவள். தம்பிஐயா பக்கத்திலுள்ள தம் குவார்ட்டர்ஸுக்கு ஓடி, காய்ந்த விறகுக்கட்டைச் சாக்கால் மூடித் தோளில் சுமந்து வருகிறார். தூங்கும் பிள்ளைகள் விழித்துவிடாதபடி அதை அடுப்படியில் மெல்ல இறக்கி வைத்துவிட்டு, மழைக்குள் இறங்கி நடக்கிறார்.