பச்சைப் புள்ளி

புள்ளி மறுபடியும் நகர்ந்தது.

அவள் எதையும் தொடவில்லை.

கண்ணாடிக் குழாயின் முகத்தில் கடுகளவு பச்சை வெளிச்சம். எலக்ட்ரான்கள் வந்து மோதுகிற இடம் அது. காந்தத்தால் இதை நகர்த்திப் பார்த்துத்தான், அணுவைவிடச் சின்னது ஒன்று இருக்கிறது என்று ஒரு காலத்தில் கண்டுபிடித்தார்கள். இன்று அவளுக்கு அது செய்முறைத் தேர்வு.

போன வருடம் கருவி காட்டியதை அப்படியே எழுதித் தோற்றாள். இந்த முறையும் தோற்றால் பட்டம் கிடையாது.

"புத்தகத்துல விடை இருக்குல்லா, அங்கேருந்து பின்னால கணக்குப் போட்டு வாயேன்ட்டி" என்று தோழிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கல்லூரியில் அதுதான் வழக்கம். காலையில் எழுதிய அத்தனை பேருக்கும் ஒரே விடை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒவ்வொரு மேசையிலும் குனிந்து பார்த்து, பிரமாதம் என்றார்.

இப்போது அவள் மேசையில் குனிந்திருக்கிறார்.

அவர் குனிந்தால் புள்ளி விலகுகிறது. நிமிர்ந்தால் திரும்பி வருகிறது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

தேர்வாளருக்கு டீ கொடுப்பார்கள், வடை கொடுப்பார்கள். தள்ளி நில்லுங்கள் என்று யாரும் சொன்னதில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க பையில காந்தம் இருக்கு."

துறைத்தலைவி ராஜகனியின் கையில் டீ டம்ளர் பாதியில் நின்றது.

தேர்வாளர் சட்டைப் பையைத் தொட்டார். செல்போன். டப்பென்று ஒட்டிக்கொள்ளும் காந்தப் பொத்தான் வைத்த உறை. அதை எடுத்துக் குழாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். புள்ளி ஓடியது. இழுத்தார். வந்தது. இன்னொரு தடவை நீட்டினார். மனிதருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

போனைக் கொண்டுபோய் வராந்தா ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார்.

புள்ளி அசையாமல் நின்றது. அவள் அளக்க ஆரம்பித்தாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ராஜகனி பக்கம் திரும்பினார்.

"மேடம், காலையிலயும் அந்த போன் என் பையிலதானே இருந்துச்சு?"

ராஜகனி டம்ளரைக் கீழே வைத்தார்.

அவள் நிமிரவில்லை. கணக்குப் போட்டாள். புத்தக விடைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது.

வந்ததையே பேனாவால் அழுத்தி எழுதினாள்.