கருவி சொல்லாதது

காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி வந்த பிறகும், ஒரகடத்தில் ஹெலன் தன் கொரிய மொழிப் பள்ளியை மூடவில்லை. சுவரில் மாட்டச் சான்றிதழ் கேட்டு வரும் பணக்காரக் கூட்டத்துக்கு நாள் முழுக்க வகுப்பெடுத்தாள். வணக்கம் சொல்லவே வாய் வலிக்கும் ஜென்மங்கள் என்று மனதுக்குள் காறித் துப்புவாள்.

ஒருநாள் தணிகைவேல் வந்தான். கொரியப் பெண்ணைக் கட்டி நாலு வருஷமாம்.

"கருவியை வச்சே குடும்பம் நடத்தியாச்சு. இப்ப எதுக்கு மொழி?" என்றாள் ஹெலன் இளக்காரமாக.

"நேத்து அவ அழுதுகிட்டே கத்தினா மேடம். கருவி, 'எனக்குச் சற்று வருத்தம்'னுது. எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவள் கத்தியதில் மனதில் நின்ற ஒலிகளைத் திக்கித் திக்கிச் சொன்னான். ஹெலனின் முகம் மாறியது.

"'நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், உனக்குக் கேக்கலையா'ன்னு கேட்டிருக்கா."

"இதுக்கு நான் என்ன சொல்லணும் மேடம்?" என்றான். "கேக்குது, சொல்லு" என்பதைக் கொரிய மொழியில் அன்றே கற்றுக்கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள், "சுவருக்கெல்லாம் பாடம் நடத்த எனக்குத் தெரியாது" என்று சான்றிதழ்க் கூட்டத்தை விரட்டினாள். இவனைப்போல வருகிறவர்களுக்கு மட்டும் மாலையில் ஒரே வகுப்பு. பிறகு வீடு, நிம்மதியான தூக்கம்.

சில வாரம் கழித்துத் தணிகைவேல் சிரித்துக்கொண்டே வந்தான். "நேத்து என்னைத் திட்டித் தீர்த்துட்டா மேடம்! பாதி புரிஞ்சுது!"

"பாதிக்கே இவ்வளவு பல்லா?" என்றாள் ஹெலன். "உட்காருங்க, மீதியும் புரியட்டும்."